பாப்டிஸோ: ஒரு கிரேக்க வினைச்சொல்லை வேர்வரை அறியும் முறை

பாப்டிஸோ என்பது பழைய கிரேக்க மொழியின் வினைச்சொற்களுள் ஒன்று. அமிழ்த்து, முழுக்கு, மூழ்கடி என்பவை அதன் முதற்பொருள்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஞானஸ்நானம் என்றும் திருமுழுக்கு என்றும் சொல்லும் சடங்கின் பெயருக்குப் பின்னால் இருப்பது இந்த வினைதான். கிரேக்கம் படிக்கத் தொடங்குபவர் முதலில் ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. அதற்குப் போதிய சான்றுகள் உண்டு. உறவுச் சொற்கள் கைவிரல்களில் எண்ணக்கூடியவை. பொருள் பற்றிய பூசலோ கல்கத்தாவரை நீண்டிருக்கிறது.

ஒரு சொல்லை ஆராயும்போது முதலில் வடிவத்தையும், அடுத்து வழக்கையும், பிறகு சொல்லின் அமைப்பையும், கடைசியாக வேரையும் பார்க்க வேண்டும். வேரிலிருந்து தொடங்குவதுதான் பலருக்கும் பிடித்த வழி. தவறுகளில் பெரும்பாலானவை பிறப்பதும் அங்கேதான்.

எழுத்தும் அகராதி வடிவமும்

கிரேக்க நெடுங்கணக்கில் 24 எழுத்துகள். மாலையில் அரைமணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் மனத்தில் நிற்கும். தமிழ் அறிந்தவருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு இடையூறும் உண்டு. எப்சிலான் எகரம், ஈட்டா ஏகாரம். ஓமிக்ரான் ஒகரம், ஓமேகா ஓகாரம். குறில் நெடில் வேறுபாடு ஆங்கிலம் மட்டும் அறிந்தவரைத் தடுமாற வைக்கும். தமிழருக்கு அது பழகிய விஷயம். இடையூறு மெய்யெழுத்தில் வருகிறது. பாப்டிஸோவின் முதலெழுத்து பீட்டா, நடுவில் வருவது பை. இரண்டையும் தமிழில் ‘ப’ என்றே எழுத வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்தில் குறிப்பு எழுதிப் படித்தால் அகராதியில் எந்த எழுத்தின் கீழ் தேடுவது என்று தெரியாமல் போகும். ஆகவே சொல்லைக் கிரேக்க எழுத்திலேயே எழுதிப் பழக வேண்டும்.

கிரேக்க அகராதிகள் வினையைத் தன்மை ஒருமை நிகழ்கால வடிவில் தலைச்சொல்லாகத் தருகின்றன. பாப்டிஸோ என்றால் ‘முழுக்குகிறேன்’. நூலில் கண்ணில் படுவதோ வேறு வடிவமாக இருக்கும். லூக்கா நற்செய்தி 11:38இல் உள்ள வடிவம் எபாப்திஸ்தே. முன்னால் நிற்கும் எகரம் இறந்தகாலக் குறி. ‘தே’ என்னும் முடிவு செயப்பாட்டுவினையைக் காட்டுவது. இரண்டையும் கழற்றினால் நடுவில் எஞ்சும் தண்டு பாப்டிஸோவைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த வினை பிறவினைத் தன்மை உடையது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம். தமிழில் முழுகு தன்வினை, முழுக்கு பிறவினை. கிரேக்கத்தில் ஒரே வினை தன் விகுதியை மாற்றி இரண்டு வேலையையும் செய்கிறது: செய்வினை விகுதி வந்தால் மற்றொன்றை முழுக்குதல், நடுவினை என்று இலக்கணிகள் சொல்லும் விகுதி வந்தால் தானே முழுகுதல். பைபிளில் யோவான் மக்களை முழுக்கினார் என்னும்போது முதலாவது. நாகமான் யோர்தானில் முழுகினான் என்னும்போது இரண்டாவது.

இலக்கணம் இன்னும் கைவராதவருக்கு ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட சொல்லடைவு உதவும். அதில் ஒவ்வொரு கிரேக்கச் சொல்லுக்கும் எண் உண்டு. பாப்டிஸோவின் எண் 907, அதன் தாய்ச்சொல்லான பாப்டோவின் எண் 911. தலைச்சொல்லைக் கண்டுபிடிக்க இந்த எண்கள் நல்ல வழி. ஆனால் அது அடிப்படையில் ஓர் ஆங்கில பைபிளுக்கான சொல்லடைவு. அதன் பின்பகுதியில் வரும் சிறு விளக்கங்களைப் பொருளுக்கு இறுதிச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அங்கே நாலைந்து பொருள் வரிசையாக இருந்தால், வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் ஆசை வரும். ஓரிடத்தில் ஒரு சொல் தரும் பொருளை அந்த இடமே தீர்மானிக்கிறது, வாசகர் அல்ல.

பொருளுக்குச் செல்ல வேண்டிய நூல்கள் வேறு. லிடெல், ஸ்காட் இருவரும் 1843இல் வெளியிட்ட கிரேக்க ஆங்கில அகராதியை ஜோன்ஸ் திருத்தி விரித்தார். அந்த ஒன்பதாம் பதிப்பு 1940இல் நிறைவுற்றது. செவ்வியல் கிரேக்கத்துக்கு அதுவே இன்றும் அடித்தளம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்னூலகத்தில் இலவசமாகவே படிக்கலாம். புதிய ஏற்பாட்டுக்கும் ஆதிக் கிறிஸ்தவ எழுத்துகளுக்கும் பவர் தொகுத்து டாங்கர் திருத்திய அகராதியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார்ப்பது முறை. சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் இருப்பவர் கிழக்கு மேற்கு ரயில் தடத்தில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் பூகிஸ். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடமும் அதன் மேல்தளங்களில் லீ கோங் சியான் பார்வை நூலகமும் உள்ளன. பார்வை நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது; எனவே தேடவேண்டிய இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டு போவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆசிரியரிடம் முறையாகக் கற்க விரும்புவோருக்கு 1948இல் தொடங்கிய டிரினிட்டி இறையியல் கல்லூரியும் 1952இல் தொடங்கிய சிங்கப்பூர் பைபிள் கல்லூரியும் இருக்கின்றன.

வழக்கு

அகராதியில் உள்ள பொருள்கள் பழைய நூல்களிலிருந்து திரட்டப்பட்டவை. பொருளை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் இடங்களைத் தாண்டிச் செல்வது பாதிப் படிப்பு. பாப்டிஸோ வரும் இடங்களுள் சிலவற்றையாவது நேரில் பார்க்க வேண்டும்.

கிரேக்கர்களின் கப்பல்கள் இந்த வினையை அடிக்கடி சந்தித்தன. வரலாற்றாசிரியர் பொலிபியுஸ், கி.மு. 249இல் ரோமரும் கார்த்தேஜியரும் மோதிய கடற்போரை விவரிக்கும் முதல் நூலில், கப்பல்களை மூழ்கடித்ததற்கு இதைத்தான் ஆள்கிறார். முதல் நூற்றாண்டு யூத எழுத்தாளர் ஜொசிஃபஸ் தன் வரலாறு எழுதும்போது, ரோமுக்குப் போகும் வழியில் ஏட்ரியாக் கடல் நடுவே தன் கப்பல் மூழ்கியதை இதே வினையால் சொல்கிறார். புதிய ஏற்பாட்டு ஆசிரியர்களின் காலத்தவர் அவர் என்பதால் இந்தச் சான்றுக்கு எடை அதிகம். மூழ்கிய கப்பல் தானாக எழுந்து வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அமிழ்ந்தது மீண்டும் வெளியே வருமா வராதா என்பது இந்தச் சொல்லுக்குள் இல்லை.

அடுத்து உருவக வழக்கு. பிளேட்டோவின் ‘சிம்போசியம்’ உரையாடலில் ஒருவர் முந்தின இரவு குடியில் மூழ்கியவர்களுள் தானும் ஒருவர் என்று ஒப்புக்கொள்ளும்போது வருவது பாப்டிஸோவின் ஒரு வடிவம். அவருடைய ‘யூதிடெமஸ்’ உரையாடலில் கேள்விக்கு மேல் கேள்வி கேட்கப்பட்டுத் திணறும் சிறுவனுக்கும் அதே வினை. தமிழில் கடனில் மூழ்குவது போல, கிரேக்கத்தில் கடனிலும் துன்பத்திலும் மதுவிலும் மூழ்கலாம். மாற்கு 10:38இல் இயேசு தமக்கு வரவிருக்கும் பாடுகளைப் பற்றி இந்தச் சொல்லால் பேசுவதை இந்த உருவக வழக்கின் பின்னணியில்தான் படிக்க வேண்டும். தண்ணீரை மட்டும் மனத்தில் வைத்துப் படித்தால் அந்த வரி பிடிபடாது.

மூன்றாவது வகை யூதச் சூழலில் வருகிறது. எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில், தொழுநோய் கண்ட நாகமான் யோர்தான் ஆற்றில் ஏழு முறை முழுகுகிறான் (2 அரசர் 5:14, கிரேக்கப் பிரதிகளில் அந்த நூலுக்கு ‘அரசுகள் நான்கு’ என்று பெயர்). அங்கே எபிரேய வினை தாபல். அதற்கு நேராகக் கிரேக்கத்தில் வைக்கப்பட்டது பாப்டிஸோ. லூக்கா 11:38இல் நிலைமை வேறு. விருந்துக்கு அழைத்த பரிசேயர், இயேசு உண்ணுமுன் அதைச் செய்யவில்லையே என்று வியக்கிறார். சாப்பாட்டுக்கு முன் செய்யும் தூய்மைச் சடங்கு அது. ஒவ்வொரு வேளைக்கும் உடம்பு முழுவதையும் அமிழ்த்தினார்களா, கைகளை மட்டுமா என்பதில் உரையாசிரியர்கள் பிரிந்து நிற்கின்றனர். ‘எப்போதும் முழு உடலும் நீருக்குள்’ என்று விதி வகுப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசித்தாக வேண்டும். ‘நீர் பட்டாலே போதும், அதுவே இச்சொல்லின் பொருள்’ என்பவர்களும் ஜொசிஃபஸின் கப்பலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சொல்லின் அமைப்பு

வழக்கைப் பார்த்தபின் சொல்லைப் பிரிக்கலாம். பாப்டிஸோவுக்கு அடிப்படை பாப்டோ. நனை, தோய், சாயம் ஏற்று, நீர் முகர் என்பவை அதன் பொருள்கள். ஹோமரின் ஒடிசி 9ஆம் காண்டத்தில், கொல்லன் காய்ச்சிய கோடரியைக் குளிர்ந்த நீரில் தோய்க்கும்போது அது சீறும் உவமையில் இந்த வினை வருகிறது. தமிழ் வாசகருக்கு இந்தப் பொருள் விரிவு வியப்பளிக்காது. ‘தோய்’ என்ற தமிழ் வினையும் கிட்டத்தட்ட அதே பரப்பை ஆள்கிறது: சாயம் தோய்க்கிறார்கள், இரும்பைத் தோய்க்கிறார்கள், பாலைத் தோய்த்துத் தயிராக்குகிறார்கள், யாழ்ப்பாணத்தில் தோய்ந்துவிட்டு வருகிறார்கள். பாப்டோவின் பொருளை ஒரே சொல்லில் நினைவில் வைக்க விரும்பும் தமிழருக்கு ‘தோய்’ போதும். ஆங்கிலத்தில் அப்படி ஒரு சொல் வாய்க்கவில்லை.

பாப்டோவின் தண்டு உண்மையில் ‘பஃப்’ என்று முடிவது. பஃபே என்றால் சாயமேற்றல் அல்லது எஃகைத் தோய்த்தல். பஃபெயுஸ் என்பவர் சாயக்காரர். நிகழ்கால வடிவத்தில் தண்டோடு ஒரு யகர ஒலி சேர்ந்து ‘ப்ட்’ என்று திரிந்தது. சொல்லின் உறவினர்களைத் தேடும்போது இந்தத் திரிபு தெரியாவிட்டால் சாயக்காரரைக் குடும்பத்துக்கு வெளியே நிறுத்திவிடுவோம்.

தோய்ந்தது என்று பொருள்படும் பாப்டொஸ் என்ற எச்சத்தோடு ‘இஸோ’ என்ற விகுதி சேர்ந்து பாப்டிஸோ உருவானது. பெயரிலிருந்தும் அடைமொழியிலிருந்தும் புது வினைகளை ஆக்க கிரேக்கத்தில் மிகத் தாராளமாகப் பயன்பட்ட விகுதி இது. கிரேக்கம் பேசுதலைக் குறிக்கும் ஹெல்லெனிஸோ என்ற வினையும் இப்படி அமைந்ததே. இவ்விகுதி இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து இன்றும் அங்கே புதுச் சொற்களை ஈன்றுகொண்டிருக்கிறது. பழைய இலக்கண நூல்கள் சில இந்த விகுதி செயலின் தீவிரத்தையோ திரும்பத் திரும்பச் செய்வதையோ காட்டும் என்றன. பாப்டிஸோவின் வழக்குகள் அதைப் பொதுவிதி என்று சொல்லும் அளவுக்கு இடம் தரவில்லை. நாகமான் ஏழு முறை முழுகியதை வினையின் விகுதி சொல்லவில்லை. பக்கத்தில் உள்ள எண்தான் சொல்கிறது.

புதிய ஏற்பாட்டில் இரு வினைகளும் வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டன. யோவான் 13:26இல் அப்பத் துண்டைத் தோய்த்துக் கொடுப்பதும், லூக்கா 16:24இல் விரல் நுனியைத் தண்ணீரில் தோய்ப்பதும் பாப்டோ. சடங்குக்கு எங்கும் பாப்டிஸோ மட்டுமே.

இந்தப் பிரிவை வைத்துப் பிரசங்க மேடைகளில் ஒரு விளக்கம் சுற்றி வருகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டுப் புலவர் நிக்காண்டரின் ஊறுகாய்ச் செய்முறை ஒன்றைக் காட்டி, பாப்டோ என்றால் சற்று நேர நனைப்பு, பாப்டிஸோ என்றால் பொருளின் தன்மையையே நிரந்தரமாக மாற்றும் ஊறல் என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சமையல் குறிப்பிலிருந்து ஒரு மொழியின் விதியை எடுக்க முடியாது. துணியின் நிறத்தை நிரந்தரமாக மாற்றும் சாயத்தொழிலுக்குரிய வினை பாப்டோ. முழுகிய கையோடு கரையேறிய நாகமானுக்குரியது பாப்டிஸோ. விளக்கம் சொல்வதற்கு நேர் எதிராக வழக்கு நிற்கிறது. இதுபோன்ற அழகான கதை ஒன்று கிடைக்கும்போது அதற்குப் பொருந்தாத இடங்களை அகராதியில் உடனே தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வேர்

கிரேக்கத்துக்கும் முந்தைய நிலையில் இந்தச் சொல்லின் மூலம் எது? வேர்ச்சொல் அகராதிகளுள் ஷாந்த்ரேன் பிரெஞ்சில் எழுதியதும், பேக்கஸ் 2010இல் வெளியிட்டதும் கையில் இருந்தால் போதும். நீரில் அமிழ்த்துதல் என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழி வினை ஒன்றோடு பாப்டோவை ஒப்பிடுவது மரபு. அதற்குமேல் உறுதியான உறவினர்கள் கிடைக்கவில்லை. ஓசை ஒத்த தமிழ்ச் சொல்லையோ சமஸ்கிருதச் சொல்லையோ கொண்டுவந்து ஒட்டவைக்க இந்த வெற்றிடம் அனுமதிச்சீட்டு அல்ல. ஒலி மாற்றம் ஒழுங்காக நிகழ்ந்ததைப் பல சொற்களில் காட்டினால்தான் உறவு நிலைக்கும்.

வேர் தெரிந்தாலும் அது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதைத் தஞ்சோங் பகார் என்ற பெயரே காட்டும். மலாயில் தஞ்சோங் கடலுக்குள் நீளும் முனை, பகார் வேலி. மீனவர்கள் கடலில் நட்ட மரக்கழிகளால் இப்பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். வாள்போல் மூக்குள்ள தோடாக் மீன்கள் கரையைத் தாக்கியபோது வாழைத்தண்டால் வேலி போடச் சொன்ன சிறுவனின் கதை பழைய மலாய் நூலான ‘செஜாரா மெலாயு’வில் இருக்கிறது; பெயரை அதோடு இணைப்பவர்களும் உண்டு. எது சரியானாலும் இன்று கடலோரம் பலமுறை மண்ணிட்டு நிரப்பப்பட்டுவிட்டது. முனையும் இல்லை, வேலியும் இல்லை. ரயில் நிலையத்தின் தலைக்குமேல் 290 மீட்டர் உயர குவோக்கோ கோபுரம் நிற்கிறது. பெயரைப் பிரித்துப் பொருள் கண்டு அந்த வட்டாரத்துக்கு வழி கேட்பவர் கடற்கரையைத் தேடிக்கொண்டிருப்பார்.

சடங்குச் சொற்களில் இந்த விலகல் இன்னும் கூர்மையானது. தஞ்சோங் பகார் சாலை தொடங்கும் இடத்துக்குச் சற்று வடக்கே, சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு 2023 பிப்ரவரி 12 அன்று குடமுழுக்கு நடந்தது. முழுக்கு என்ற சொல் முழுகுவதிலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கோபுரம் எதிலும் முழுகவில்லை. கலசத்தின்மேல் குடநீர் ஊற்றப்பட்டது. அதைப் பார்த்துக் குடமுழுக்கு நடக்கவில்லை என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். மயிலாடுதுறைக் காவிரியில் ஐப்பசியில் நடக்கும் துலா முழுக்கிலோ ஆள் முழுகியே ஆக வேண்டும். ஒரே சொல் ஒரே மொழியில் இரண்டு விதமாக இயங்குகிறது. கிறிஸ்தவர்களிடையே பாப்டிஸோ சடங்கின் பெயரான பிறகு எந்தெந்த முறைகளை அந்தப் பெயர் தாங்கியது என்பதை ஆதித் திருச்சபையின் வரலாற்றில் தேட வேண்டும். ஹோமரின் கொல்லனிடம் அதற்குப் பதில் இருக்காது. பைபிள் ஆய்வில் வேர்ப்பொருளை நடப்புப் பொருளாக்கும் பழக்கத்தை ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட நூலில் கடுமையாக விமர்சித்தார். அதன்பிறகு கல்லூரிகளில் அந்தப் பழக்கம் குறைந்தது. மேடைகளில் அவ்வளவாக இல்லை.

மொழிபெயர்ப்புகள் தரும் சான்று

ஒரு சொல்லைப் பல மொழிகளில் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று ஒப்பிடுவது, அதன் பொருள் எங்கெல்லாம் கிளைக்கிறது என்பதைக் காட்டும். சீகன்பால்கு கிரேக்க மூலத்திலிருந்து தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1714–15இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. ஹென்றி பவர் தலைமையில் குழு ஒன்று திருத்தி 1871இல் வெளியிட்ட பைபிளின் வழிவந்ததுதான் புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்றும் பரவலாக இருப்பது. அதில் யோவான் கொடுப்பது ஞானஸ்நானம். லூக்கா 11:38இல் அதே கிரேக்க வினைக்கு ‘ஞானம்’ கழன்று வெறும் ஸ்நானமாக நிற்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் சடங்கைத் திருமுழுக்கு என்கிறது; பரிசேயர் வீட்டிலோ அது கை கழுவுதல் ஆகிவிடுகிறது. இரு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரு வினையின் கீழ் சடங்கு ஒன்றும் அன்றாடச் செயல் ஒன்றும் இருப்பது கிரேக்கம் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும்.

கல்கத்தாவில் இதே வினை நிறுவனங்களைப் பிளந்தது. வில்லியம் யேட்ஸ் முதலிய பாப்டிஸ்ட் மிஷனரிகள் வங்காள மொழிப் புதிய ஏற்பாட்டில் அமிழ்த்துதல் என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். மற்றச் சபைகள் ஏற்காத சொல் என்று பிரிட்டிஷ் வெளிநாட்டு பைபிள் சங்கம் பணம் தர மறுத்தது. அமெரிக்க பைபிள் சங்கமும் 1836இல் அதே முடிவெடுக்க, பாப்டிஸ்டுகள் அங்கே தனிச் சங்கம் கண்டனர். லண்டனில் 1840இல் பைபிள் மொழிபெயர்ப்புச் சங்கம் தொடங்கியது. மொழிபெயர்க்காமல் கிரேக்கச் சொல்லையே எழுத்துப் பெயர்த்து வைத்துவிடலாம் என்பது சங்கங்கள் காட்டிய சமரச வழி. ஆங்கில பைபிளே முன்னர் அதைத்தான் செய்திருந்தது.

சீன மொழியிலும் இதே கிளைப்பு உண்டு. செராம்பூரில் 1822இல் மார்ஷ்மன் முடித்த சீன பைபிள் ‘தோய்’ என்ற பொருளுள்ள சொல்லை எடுத்தது. அடுத்த ஆண்டு மலாக்காவில் அச்சான மோரிசனுடையது ‘கழுவு’ என்பதை எடுத்தது. இன்றும் சிங்கப்பூரில் பாப்டிஸ்ட் சபைகளின் சீனப் பெயர்ப்பலகையில் ‘ஜின்’ என்ற, அமிழ்த்துதலைக் குறிக்கும் எழுத்தைக் காணலாம். மெதடிஸ்டுகள் சடங்கை ‘ஷி லி’, அதாவது கழுவும் சடங்கு, என்பார்கள். அவர்கள் மரபு தெளித்தலையும் ஊற்றுதலையும் முழுக்குதலையும் ஏற்பது. தஞ்சோங் பகார் சாலை 1ஆம் எண்ணில், முன்பு மெட்ரோபோல் திரையரங்காக இருந்த கட்டடத்தில் இயங்கும் ஃபேர்ஃபீல்ட் ஆலயம் மெதடிஸ்டுகளுடையது. பழைய மலாய்க் கிறிஸ்தவ வழக்கில் பெர்மண்டியான் என்றார்கள்; குளித்தலைக் குறிக்கும் ‘மண்டி’ அதன் அடி.

உறவுச் சொற்கள்

வினை கைவந்தபின் அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொற்களைத் தனித்தனியே பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. பாப்டிஸ்மொஸ் கழுவுதல், மாற்கு 7:4இல் கிண்ணங்களுக்கும் செம்புகளுக்கும் அது நடக்கிறது. பாப்டிஸ்மா என்ற வடிவம் கிறிஸ்தவ எழுத்துகளுக்கு முன் காணப்படுவதில்லை. யோவானின் சடங்குக்கும் திருச்சபையின் சடங்குக்கும் பெயராக வருவது அதுவே. பாப்டிஸ்டெஸ் யோவானின் அடைமொழி, ஜொசிஃபஸும் அவரை அப்படியே குறிப்பிடுகிறார். இன்றைய கிரேக்கத்தில் பீட்டா வகர ஒலியாகிவிட்டது. வாஃபோ என்றால் வண்ணம் பூசுகிறேன். வாஃப்டிஸோ என்றால் திருமுழுக்குக் கொடுக்கிறேன், பெயர் சூட்டுகிறேன். பழைய அகராதியில் அடுத்தடுத்து இருந்த சாயக்காரரும் யோவானும் இன்றைய ஏதென்சில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரமாகும்.